துணிவும் தொடக்கமும்

ஒரு செயலைச் செய்து தவறுவோரினும், செய்யலாமோ வேண்டாவோ என்று எண்ணியெண்ணியே காலம் போக்குவோர் பலராவர். இவ்வுண்மையை யான் நூல்களிற் கற்றேனல்லேன். விளையாட்டிடத்தில், பலர் காண, வெட்கத்தோடு கற்றேன். ஆகலின், ஈண்டு எழுதப்புகும் இச்சிறு கட்டுரை பிறர்க்கு அறிவுரை கூறும் தகுதியுடையார் ஒருவரால் எழுதப்படுவதன்று என்பதை முதற்கண்ணே சொல்லிவிடுகின்றேன். தயங்கிக் கெட்டவன் ஒருவன் தான் கெட்ட வகையை ஆராய்ந்து பார்த்த அளவே இது.

சொல்லாராய்ச்சியிற் சிறிது பொழுது செலவிடத் தமிழ் மாணாக்கனுக்கு உரிமையுண்டு என்று நம்புகின்றேன். 'தயங்குதல்' என்பதற்கு இன்று நாம் வழங்கும் பொருள் ஒன்றே. பழைய நூல்களிலோ அஃது அசைதலையும் ஒளிர்தலையுங்கூடக் குறித்து வரும். காற்றில் ஆடும் தளிரும், அலைமேல் விழுந்த நிலவொளியும் தயங்குவனவே. முன்னும் பின்னும் ஆடி ஓரிடத்தும் நிலையாமையே அச்சொல்லின் உள்ளீடு போலும். இனி, அதற்கு மறுதலையாகிய 'துணிதல்' என்பதன் பொருள் யாதெனின், துண்டாதல், அறுபடுதல் என்பதாம். கடையில் நாம் அளந்து வெட்டி வாங்கும் துணியும் அப்பெயர் பெற்றது அதனாலேயே. ஒருவன் துணிந்தான் என்றால், பல வழிகளுள் ஒன்றைக் கைக்கொண்டு ஏனையவற்றை அறுத்து நீக்கினான் என்பது கருத்து. துணிவாவது அச்சமின்மை என்றே பலரும் எண்ணுகின்றனர். சொல்லின் வேரை நோக்குங்கால், இழப்பைப் பொறுத்துக்கொள்ளும் ஆற்றல் என்றே எனக்குத் தோன்றுகின்றது. தொடங்கிய கணத்தே கைவிடவேண்டிய மற்றை வழிகளின்மேல் நமக்குள்ள ஆசையே பெரும்பாலும் நம்மைத் தொடங்கவொட்டாது தடுக்கின்றது.

இனி என் கதைக்கு வருகின்றேன். கடந்த ஆண்டு எங்கள் விடுதியாருக்கும் பிறிதொரு விடுதியாருக்கும் கிரிக்கெட் ஆட்டம் ஒன்று நிகழ்ந்தது. யான் ஆடச் சென்றபோது எதிர்முனையில் நின்றவர் எங்கள் விடுதியின் மூத்த மாணாக்கர். நாங்கள் யாவரும் அவரை அண்ணன் என்றே அழைப்போம். அவர்க்கு அஃது இறுதியாண்டு. அவ்வாட்டமே மாணாக்கராக அவர் ஆடும் கடைசி ஆட்டம். 41 ஓட்டங்கள் எடுத்து நன்கு வேரூன்றி நின்றார். வெற்றிக்கு இன்னும் 19 ஓட்டங்களே வேண்டியிருந்தன. என் மட்டையிற் பட்ட பந்து ஒன்று வலப்புறத்தே மெல்ல உருண்டது. "யெஸ்" என்று கூவி நான்கடி ஓடினேன். பந்து தடுக்க நின்ற ஒருவன் அதனை நோக்கி விரைந்து வருதலைக் கண்டு "நோ" என்றேன். அவன் கையினின்றும் பந்து நழுவியது போலத் தோன்றவே மீண்டும் "யெஸ்" என்றேன். அண்ணன் ஆடுகளத்தின் நடுவே, வந்த பக்கம் ஒருமுறையும் போகும் பக்கம் ஒருமுறையுமாகத் திரும்பித் திரும்பி நின்றார். அதற்குள் விக்கெட் வீழ்ந்தது. யான் என் கோட்டிற்குள் பத்திரமாக நின்றுகொண்டிருந்தேன்!

8 ஓட்டங்கள் குறைய நாங்கள் தோற்றோம். அன்று மாலை அண்ணன் என்னைச் சினந்திலர். மட்டையை உறையிலிட்டுக்கொண்டே, "தம்பி, நீ தவறாகக் கூப்பிட்டிருந்தாலும் ஓடி வந்திருப்பேன், ஒருவேளை பிழைத்தும் இருப்பேன். இரண்டையும் சொன்னாயே, அதற்கு எப்படி ஓடுவது?" என்றார். அவ்வினாவிற்கு அன்று என்னிடம் விடையில்லை.

கிரிக்கெட்டில் இரு விக்கெட்டுகளுக்கும் இடைப்பட்ட தொலைவு 22 கெஜம். மட்டையாளர் கடக்கவேண்டிய கோடுகளுக்கிடையே 58 அடி. இதனை ஓடிக் கடத்தற்குச் சில நொடிகளே வேண்டும். அவ்வளவில் நின்று சிந்தித்தல் இயலாது. ஆகவே இவ்விளையாட்டில் வல்லோர் சிந்தனையை எல்லாம் முன்னரே முடித்து, அதனை மூன்று சொற்களாகச் சுருக்கி வைத்திருக்கின்றனர்: யெஸ், நோ, வெயிட். இவற்றைக் கூவும் உரிமை யாருக்கு என்பதும் வரையறுக்கப்பட்டுள்ளது. பந்து முன்புறம் சென்றால் அடித்தவன் கூவுவான். பின்புறம் சென்றால் எதிர்முனையில் நிற்பவன் கூவுவான். எவன் பந்தை நன்கு காண்கின்றானோ அவன் சொல்லே சொல். மற்றவன் அதனை ஆராயாது ஓடல் வேண்டும்.

இம்மூன்றனுள் 'வெயிட்' என்னும் சொல்லை யான் நெடுநாள் இகழ்ந்திருந்தேன், அதுவும் தயக்கமே என்று கருதி. ஆராய்ந்து பார்க்கின் அஃது அவ்வாறன்று. 'பொறு' என்பவன் தானும் பொறுத்து, தன் துணைவனும் எதனை எதிர்நோக்கி நிற்கவேண்டும் என்று அறிவித்துவிட்டான். அதுவும் ஒரு முடிபே. தயங்குகின்றவனோ ஒன்றும் சொல்லாது நிற்பான். அல்லது என்னைப்போல, மாறுபட்ட சொற்களை மாறிமாறிச் சொல்வான்.

இத்துறையிற் பேர்பெற்ற வீரர்க்கும் இத்தகைய இடுக்கண் நேர்ந்ததுண்டு. 1999ஆம் ஆண்டு சூன் 17ஆம் நாள், இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்து எட்ஜ்பாஸ்டன் களத்தில், உலகக் கோப்பையின் அரையிறுதியாட்டம் நடைபெற்றது. முதலில் ஆடிய ஆஸ்திரேலியா 213 ஓட்டங்கள் எடுத்திருந்தது. தென்னாப்பிரிக்காவுக்குக் கடைசி ஓவரில் 9 ஓட்டங்கள் வேண்டும். கைவசம் ஒரே விக்கெட். மட்டையுடன் நின்றவர் லான்ஸ் குளூஸ்னர்; எதிர்முனையில் ஆலன் டொனால்ட். டேமியன் ஃபிளெமிங் வீசிய முதல் இரண்டு பந்துகளையும் குளூஸ்னர் எல்லைக்கோட்டிற்கு விரட்டி எட்டு ஓட்டங்கள் பெற்றார். இப்போது இரு தரத்தாருக்கும் 213. எஞ்சியவை நான்கு பந்துகள். வேண்டுவது ஒரே ஓட்டம்.

மூன்றாம் பந்தில் டொனால்ட் தம் கோட்டை விட்டு நெடுந்தொலை வந்துவிட்டார். டேரன் லேமன் எறிந்த பந்து குறிதவறியமையால் அவர் மயிரிழையிற் பிழைத்தார். நான்காம் பந்தைக் குளூஸ்னர் நேரே அடித்துவிட்டு ஓடத் தொடங்கினார். டொனால்டோ பந்தையே நோக்கித் தம் கோட்டிற்குத் திரும்பினார். நிமிர்ந்து பார்க்கும்பொழுது துணைவர் தம் அருகே வந்துவிட்டார்! டொனால்டின் கையினின்றும் மட்டை நழுவி வீழ்ந்தது, வெறுங்கையோடு ஓடினார். மார்க் வா பந்தை எடுத்து ஃபிளெமிங்கினிடம் தள்ள, அவர் அதனை ஆடம் கில்கிறிஸ்டினிடம் உருட்ட, விக்கெட் வீழ்ந்தது. ஆட்டம் சமநிலையில் முடிந்தது. முந்திய சுற்றின் வரிசையில் முன்னின்றமையால் ஆஸ்திரேலியாவே இறுதியாட்டத்திற்குச் சென்று, மூன்று நாட் கழித்து லார்ட்ஸ் களத்தில் பாகிஸ்தானை வென்று கோப்பையையும் கொண்டது. தென்னாப்பிரிக்கரோ, இன்னும் இரண்டு பந்துகள் வீசப்படாமலிருக்கவே வீடு திரும்பினர்.

அவ்விருவருள் யார் குற்றவாளி என்று இன்றும் வழக்காடுவோர் உளர். குளூஸ்னர் விரைந்தார், டொனால்ட் தயங்கினார் என்பதே யான் கூறத்தக்கது. ஆனால் அத்தயக்கம் எங்குப் பிறந்தது என்று பார்த்தல் நன்று. முந்திய பந்தில், ஓடப் புறப்பட்டமையால் அன்றோ அவர் கேடுறவிருந்தார்? அவ்வச்சம் உள்ளத்தே நின்று அடுத்த பந்தில் அவரைக் கோட்டிற்கே இழுத்தது என்று கருத இடமுண்டு. ஒரு பந்தின் அச்சத்தை அடுத்த பந்திற்கு உரிய நீதியாகக் கொள்வது நம் யாவர்க்கும் இயல்பே. ஒரு தேர்விற் பெற்ற குறைந்த எண் அடுத்த ஆண்டுப் பாடத்தைத் திறக்கவொட்டாமல் நம் கையைப் பிடிப்பதும் இவ்வாறே.

நிற்க. திருவள்ளுவர் பொருட்பாலில் ஆராய்தலைப் பற்றியும் செய்தலைப் பற்றியும் வெவ்வேறு அதிகாரங்கள் வகுத்துள்ளார். தெரிந்துசெயல்வகை 47ஆம் அதிகாரம். வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்பன அதனை அடுத்து 48, 49, 50 ஆக நிற்கின்றன. வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை என்பனவோ 66, 67, 68. இவ்விரு தொகுதிகளுக்கும் இடையே 15 அதிகாரங்கள் உள்ளன. ஊக்கமுடைமையும் மடியின்மையும் ஆள்வினையுடைமையும் அவற்றுள் அடங்கும். முன்னவை அரசனை நோக்கியும் பின்னவை அமைச்சனை நோக்கியும் வைக்கப்பட்டன என்பது உரை கண்டோர் கொள்கை. அதனை மறுக்க எனக்கு வலியில்லை. எனினும், எண்ணும் இடம் வேறு, செய்யும் இடம் வேறு என்று இவ்வைப்பு முறையே எனக்கு உணர்த்துவதாகக் கொள்கின்றேன். தேர்வுத்தாளில் இவ்வாறு எழுதத் துணியேன். ஆண்டு மலரில் எழுதுவதற்கு ஆசிரியர் பொறுத்தருள்வார்.

எண்ண வேண்டியதை எண்ணவேண்டிய இடத்திலேயே எண்ணி முடித்தவன் களத்தில் எத்துணை எளிதாக நிற்பான் என்பதற்கு எரிக் லிடெல் என்பாரினும் தக்க சான்று யான் அறியேன். அவர் ஸ்காட்லாந்துக் குடியிற் பிறந்த ஓட்டவீரர். சீன நாட்டுத் தியென்சின் நகரில் 1902இல் ஊழியர் குடும்பத்திற் பிறந்தவர். குறுந்தொலை ஓட்டமே அவருக்குக் கைவந்தது. 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தின் தொடக்கச் சுற்று ஞாயிற்றுக்கிழமையில் அமைந்தது. ஞாயிறன்று ஓடுவதில்லை என்பது அவர் கொண்டிருந்த நெறி. 1981இல் வெளிவந்த 'சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்' என்னும் திரைப்படத்தில், அவர் கப்பலேறும் தறுவாயிலேயே இச்செய்தியை அறிந்து கலங்குவதாகக் காட்டியுள்ளனர். அது நாடகச் சுவைக்காகச் செய்துகொண்ட மாற்றம். மெய்யாக நிகழ்ந்ததோ வேறு. பந்தயத்திற்குப் பல திங்கள் முன்னரே நாட்குறிப்பு அறியப்பட்டிருந்தது. அவர் அப்போதே 100 மீட்டரைக் கைவிட்டார். அப்போதே 400 மீட்டர் ஓட்டத்திற்குப் பயிலத் தொடங்கினார்.

திரைப்படத்து லிடெலினும் மெய்யான லிடெலையே யான் மிகுதியும் மதிக்கின்றேன். கப்பற்றுறையிற் கணப்பொழுதிற் செய்யும் முடிவு கண்டோரைக் கவரும். அமைதியாக, வசந்தத்திற்கு முன்னரே முடிவுசெய்துவிட்டு, நாடோறும் பனியிலும் மழையிலும் வேறு தொலைவு ஓடிப் பழகுதல் யார் கண்ணையும் கவராது. ஆயினும் வெற்றி அதிலேதான் இருந்தது. சூலை 11ஆம் நாள் 400 மீட்டர் இறுதியோட்டத்தில் அவருக்கு வெளிப்புறத் தடம் கிடைத்தது. அத்தடத்தில் ஓடுபவனுக்குப் பிறர் எவ்வளவு விரைவாக வருகின்றனர் என்று தெரியாது. அவரோ முதற்பாதியையே குறுந்தொலை ஓட்டம்போல விரைந்தோடி, 47.6 நொடியில் முதல்வராக முடித்தார். 200 மீட்டரில் மூன்றாம் இடமும் பெற்றார். மறு ஆண்டே தியென்சின் சென்று அங்குள்ள கல்லூரியில் ஆசிரியப்பணி ஏற்றார். 1945இல், போர்க்காலத் தடுப்பு முகாம் ஒன்றில் உயிர்நீத்தார். 100 மீட்டரை இழந்ததற்காக அவர் பாரிஸில் நின்று வருந்தியிருந்தால் 400 மீட்டரையும் இழந்திருப்பார் அன்றோ?

'அங்ஙனமாயின் விரைதலே நன்று போலும்' என்று யாரேனும் முடிவுகட்டுவராயின், அவருக்கு உசைன் போல்டின் கதையைச் சொல்வேன். ஓட்டப்பந்தயத்தில் வெடியொலி கேட்ட பின்னர் 0.1 நொடி கழியுமுன் அசைந்தவன், ஒலியைக் கேட்டு அசைந்தவனாகக் கருதப்படான். 2010 முதல் நடப்பிலுள்ள விதிப்படி, முதன்முறை தவறிய ஓட்டக்காரனே வெளியேற்றப்படுவான். 2011 ஆகஸ்ட் 28ஆம் நாள் தென்கொரியாவின் தேகு நகரில், உலகப் போட்டியின் 100 மீட்டர் இறுதியில், வெடியொலிக்கு முன்னரே போல்ட் பாய்ந்துவிட்டார். ஒரடியும் கணக்கில் ஏறாமலே களத்தை விட்டு நீங்கினார். ஆனால் அவரே 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 0.165 நொடி கழித்துத்தான் அசைந்தார். இறுதியோட்டத்தில் நின்ற எண்மருள் அறுவர் அவர்க்கு முன்னரே புறப்பட்டுவிட்டனர். ஓட்டம் முடிந்தபோதோ அவர் 9.69 நொடியில் யாவரினும் முன்னே நின்றார். பிறரினும் சிறிது பிந்தித் தொடங்கினோமே என்று ஏங்கும் மாணாக்கர் இவ்வெண்ணை நினைவில் வைக்கலாம்.

மேனாட்டு ஆட்டங்களையே பேசுவது முறையன்று. நம் ஊர்ச் சடுகுடுவில் தயக்கத்திற்கு நேரான தண்டனையே உண்டு. பாடிச் செல்வோன் நடுக்கோட்டைக் கடக்குமுன்னரே பாடத் தொடங்கவேண்டும். ஊர்ப்புறத்தில் அவன் மூச்சே அவனுக்குக் கடிகாரம். இக்காலத்துப் போட்டிகளில் 30 நொடி என்று வரையறை செய்துள்ளனர். ஆடவர் களத்தில், நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர் தொலைவில் ஒரு கோடு உண்டு. எதிரிகளுள் ஒருவரையும் தொடாது, அக்கோட்டையும் ஒருமுறையேனும் கடவாது திரும்பினால் அவன் ஆட்டமிழந்தவனே. பிடிபட்டு இழப்பதற்கும் தொடாமல் நின்று இழப்பதற்கும் வேற்றுமையில்லை. எங்கள் ஊரில் முன்னதற்கு முதுகிற் புழுதி ஒட்டும். பின்னதற்குச் சிரிப்பொலி மட்டும் கேட்கும்.

இனி, இவற்றைக் கொண்டு யான் செய்தது யாதென்று கேட்பீராயின், சொல்வதற்குச் சிறிதே உண்டு. தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் இவ்வாண்டு எங்கட்கு ஒரு நீண்ட கட்டுரை எழுதும் கடமை தரப்பட்டது. பொருளை நாங்களே தெரிந்துகொள்ளலாம். இவ்வுரிமையே எனக்குப் பகையாயிற்று. வீரமாமுனிவரின் தேம்பாவணியை எழுதலாமா, கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தை எழுதலாமா, கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தை எழுதலாமா என்று ஐந்து வாரம் அலைந்தேன். நூலகத்தில் மூன்றையும் மேசைமேல் அடுக்கி வைப்பேன். மாலையில் மூன்றையும் திருப்பிக் கொடுப்பேன். நூலகத்தார் என்னைப் பெரும்படிப்பாளி என்றே எண்ணியிருக்கக்கூடும்.

அந்நாட்களில் சதுரங்கம் ஆடும் நண்பர் ஒருவர் எனக்கு ஒன்று விளக்கினார். 2024இல் சிங்கப்பூரில் நடந்த உலகச் சதுரங்கப் போட்டியில், சென்னையைச் சேர்ந்த குகேஷ் தம் 18ஆம் வயதில் டிங் லிரெனை 14ஆம் ஆட்டத்தில் வென்று உலக வீரரானதை யாவரும் அறிவர். அப்போட்டியில் ஒவ்வொருவருக்கும் முதல் 40 நகர்த்தல்களுக்கு 120 நிமிடம் அளிக்கப்பட்டது. ஒரு நகர்த்தலுக்கு மூன்று நிமிடம் என்று கணக்காகும். ஒருவன் விரும்பினால் ஒரே நகர்த்தலுக்கு அரைமணி நேரம் சிந்திக்கலாம், யாரும் தடுப்பதில்லை. ஆனால் அக்கடனைப் பின்வரும் நகர்த்தல்களில் தீர்த்தாக வேண்டும். "யோசிப்பது இலவசம் என்று நீ நினைக்கிறாய், கடிகாரம் அப்படி நினைப்பதில்லை" என்றார் நண்பர்.

மறுநாள் சனிக்கிழமை. மூன்று நூல்களையும் முன்வைத்துக்கொண்டு 20 நிமிடம் என்று கடிகாரத்தை அமைத்தேன். ஒவ்வொன்றுக்கும் வேண்டிய உழைப்பு எவ்வளவு, கிடைக்கும் உரைநூல் எது, எஞ்சிய நாட்கள் எத்தனை என்று ஒரு தாளில் எழுதினேன். மணி ஒலித்தபோது தேம்பாவணியின் பக்கம் சிறிது சாய்வு இருந்தது. சிறிதே. ஆயினும் மற்றை இரண்டையும் அன்றே நூலகத்திற்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். கொடுத்துத் திரும்பும் வழியில் கால்டுவெல்லை இழந்த துயரம் மெய்யாகவே நெஞ்சை அழுத்தியது. 'துணி' என்னும் பகுதிக்கு அறுத்தற்பொருள் உண்டு என்பதை அப்போதுதான் உடம்பால் அறிந்தேன்.

தேம்பாவணியோ 3 காண்டம், 36 படலம், 3615 பாடல். நூலின் பருமனைக் கண்டே கை நடுங்கிற்று. முழுநூலும் கற்ற பின்னரே எழுதுவேன் என்ற பழைய எண்ணம் மீண்டும் தலைகாட்டியது. அதற்கு இடங்கொடாது நாட்டுப் படலத்தில் பத்துப் பாடல் கற்று அன்றிரவே அரைப்பக்கம் எழுதினேன். மிகத் தாழ்ந்த அரைப்பக்கம். பின்னர் அதனை முற்றும் அடித்துவிட்டேன். எனினும் அடிப்பதற்கு ஒன்று இருந்ததே என்ற மகிழ்ச்சி ஐந்து வாரமாக நான் அறியாத ஒன்று.

தொடங்கியபின் மாறவே கூடாதோ என்று நீங்கள் வினவலாம். எனக்கும் மூன்றாம் நாளே அவ்வாசை எழுந்தது. இரட்சணிய யாத்திரிகமே எளிதாயிருந்திருக்கும் என்று உள்ளம் முணுமுணுத்தது. ஆடுகளத்தின் நடுவே திரும்பித் திரும்பி நின்ற அண்ணனை நினைத்துக்கொண்டேன். ஓடும்போது மாறினால் எவனேனும் ஒருவன் நடுவில் அகப்படுவான். பந்துக்கும் பந்துக்கும் இடையே மாறிக்கொள்ளலாம். அதற்கெனவே அவ்விடைவேளை உள்ளது. ஆகவே சனிக்கிழமை மாலையில் மட்டும், 20 நிமிடம் மட்டும், வழி சரிதானா என்று ஆராய்வது என வரையறுத்தேன். முதற் சனியன்று கட்டுரையின் எல்லையைக் குறுக்கினேன். இரண்டாம் சனியன்று ஒன்றும் மாற்றவில்லை. மூன்றாம் சனியன்று ஆராய்வதையே மறந்துபோனேன், எழுதிக்கொண்டிருந்தேன்.

இதனை எல்லாம் அண்ணனுக்கு ஒரு கடிதமாக எழுதினேன். அவர் இப்போது வேற்றூரில் ஆசிரியராக இருக்கின்றார். பழைய மாணாக்கர் ஆட்டத்திற்கு வருவதாகவும், என்னோடு ஒரே தரத்தில் ஆட நேர்ந்தால் பந்து எப்பக்கம் சென்றாலும் தாமே கூவப்போவதாகவும் மறுமொழி வந்தது.

கட்டுரையைக் குறித்த நாளுக்கு முதல்நாளே கொடுத்தேன். சென்ற வாரம் அது திரும்பி வந்தது. முதற்பக்கத்தில் மட்டும் பதினொரு சிவப்புக் கோடுகள்; அவற்றுள் ஏழு சந்திப்பிழை. திருத்திய படியை வரும் திங்களன்று கொடுக்கவேண்டும்.